அண்ணன் வாங்கிக் கொடுத்த பாலம்

தெருவில் அவளுக்குச் சிக்னல் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். காலையில் தெருமுனையில் நின்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். அகலப்படுத்திய பெரிய சாலை. இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை, லாரியும் பஸ்ஸும் யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் குள்ளமான ஒரு பெண் வலது கையை உயர்த்திக்கொண்டு இறங்குவாள். இடது கையில் கணவரின் முழங்கையைப் பிடித்திருப்பாள். டிரைவர்கள் பிரேக்கை மிதித்துவிட்டு அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எதிர்ப்பக்கம் தபால் நிலையச் சுவரோரம் இருக்கும் சாவிக்கடையில் அவரை உட்காரவைத்துவிட்டு, மறுபடி கையை உயர்த்திக்கொண்டு தனியாகத் திரும்புவாள். சாயங்காலம் இதே கூத்து எதிர்த்திசையில் நடக்கும்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு மேசை, நாலைந்து அரம், சாவி வெட்டும் சின்ன மெஷின், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வெட்டாத சாவிகள். பக்கவாதம் வந்து இடது கால் மரத்துப்போன பிறகு அவருக்கு மிஞ்சிய உலகம் அதுதான். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சமதரையில் கோலை ஊன்றிக் காலை இழுத்து இழுத்து நடந்துவிடுவார். படிதான் முடியாது. ஒரே ஒரு படியாக இருந்தாலும் அந்தக் கால் மேலே எழும்பாது. வீட்டு வாசற்படியைக்கூட உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

“வீட்டிலயே கடையப் போட்டா என்ன?” என்று கேட்காத ஆள் கிடையாது. போட்டுத்தான் பார்த்தார்கள். சந்துக்குள் ஒளிந்திருக்கும் வீட்டைத் தேடி வந்து யார் சாவி வெட்டிக்கொள்வார்கள்? வேலை இல்லாததைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் அவர் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டு முடித்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மறுபடி கடைக்குப் போய்த் தபால்காரரோடு நாலு வம்பு பேசத் தொடங்கிய பிறகுதான் அவள் கணவர் அவளுக்குத் திரும்பக் கிடைத்தார். அதனால்தான் அந்தக் கை அப்படித் துணிச்சலாக உயர்ந்தது.

அவளுக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அவள் இடுப்பை உரசிக்கொண்டு போனது. விழவில்லை. ஆனால் அன்று இரவெல்லாம் ஒரே யோசனை: எனக்கு ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் இவரை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கினாள். அவள் கேட்டது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. தரையில் வெள்ளைக்கோடு, ஒரு சிவப்பு விளக்கு, அமுக்குவதற்கு ஒரு பொத்தான். மெதுவாக நடப்பவர் கடந்து முடிக்கிற வரைக்கும் அந்தச் சிவப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் அவளை உட்காரச் சொன்னார்கள். உட்காரவைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

கடைசியில் கோடையில் ஒரு வழி பிறந்தது. சாலைப் பணிகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம், மாதக் கடைசியில், பள்ளிக்கூட மண்டபத்தில். தெருவுக்கு ஒருவர் பேசலாம். மாடிவீட்டு நர்ஸம்மா அவளையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், டாக்டர்களையே அதட்டிப் பழகிய வாய். “வெள்ளிக்கிழமை வராம டிவி முன்னாடி உக்காந்திருந்தீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் யாரும் ராத்திரியில ஊசி போட என் கதவத் தட்டக் கூடாது” என்று மிரட்டியே ஆள் சேர்த்தாள். பேசப்போவது சிக்னல் அக்கா என்று தெருவே ஒப்புக்கொண்டது. வேறு யார் பேசினாலும் எடுபடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முன்னறையில்தான் அவளுடைய தையல் மெஷின். பழைய துணிகளைச் சரிசெய்து கொடுக்கிற வேலை. கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. பெடலை மிதித்தபடியே பேசிப் பார்ப்பாள். “ஐயா, என் வீட்டுக்காரரால படி ஏற முடியாது. தரையில நடக்க முடியும். தரையில நடக்க வழி குடுங்க.” இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த மாதம் பார்த்து அண்ணன் வந்து இறங்கினார்.

அண்ணன் என்றால் வெறும் அண்ணன் இல்லை. அப்பா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், தங்கை இன்னும் சின்னவள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிடங்கில் மூட்டை எண்ணப் போய், இரண்டு பேரையும் வளர்த்து, கல்யாணம் செய்து வைத்துவிட்டுத்தான் அவர் தன் கல்யாணத்தைப் பற்றியே யோசித்தார். பிறகு வெளிநாடு போய், கட்டடக் கம்பெனியில் மேற்பார்வையாளராகி, தலை நரைத்து இப்போதுதான் வருகிறார். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். யாரும் அதைப் பயம் என்று நினைத்ததில்லை. நன்றி என்றுதான் நினைத்தார்கள்.

அண்ணன், அண்ணி, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள். அவர்களைப் பார்க்கத் தங்கை தன் குடும்பத்தோடு வந்து கூடாரம் அடித்துவிட்டாள். சிக்னல் அக்காவுக்கும் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. அமைதியாகக் கிடந்த வீட்டில் திடீரென்று குளியலறைக்கு வரிசை நிற்க வேண்டியதாயிற்று. தைக்க வந்த துணிகள் மெத்தையோடு மெத்தையாகக் கலந்து, யாரோ ஒருவருடைய கால்சட்டையைத் தங்கை மகன் போட்டுக்கொண்டே ஊர் சுற்றிவிட்டு வந்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல எல்லாரும் கடற்கரைக்கு ஒருநாள், மிருகக்காட்சி சாலைக்கு ஒருநாள் என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். எந்தக் குரங்கைப் பார்த்தாலும் அண்ணி, “நம்ம அவர் கோபத்துல உக்காந்திருக்கற மாதிரியே இல்ல?” என்பாள். அண்ணனே சிரிப்பார். அந்த முதல் வாரம் அவளும் நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தாள். பொய் சொல்வானேன்.

அண்ணனுக்கு மாப்பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். காலுக்குத் தடவ ஒரு மருந்து, அதிர்வு கொடுக்கும் ஒரு பட்டை என்று பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் காலை, “இன்னிக்கு மாப்பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்” என்று கிளம்பினார். அவளும் கூடவே போனாள். வழக்கம்போல் கையை உயர்த்தி இறங்கினாள். பாதிச் சாலையில் ஒரு மணல் லாரி கடைசி நொடியில் பிரேக் போட்டு மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் வந்து நின்றது. அவளுக்கு அது பழக்கம். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தினமும் இப்படியா?”

“பழகிடுச்சுண்ணா.”

“இதுக்காடி உன்னை வளத்தேன்? லாரிக்குக் குடுக்கவா?”

அவள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். வெள்ளைக்கோடும் விளக்கும் கேட்கப்போவதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனால் அவர் கண் சாலைக்கு மேலே எதையோ அளந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் அருவிக்குப் போனார்கள். வாடகை வேன். அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். சின்ன வயதில் அப்பாவோடு போன வழி. அந்தப் பாதையை மூடி வருடக்கணக்காகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கிராமத்திலிருந்து தைக்கத் துணி கொண்டுவருகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். “அண்ணா, அந்த வழி இப்ப கிடையாது. இப்படிப் போகணும்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். டிரைவர் சிரித்துவிட்டான். “அக்கா சொல்றதுதான் சார் சரி” என்று வண்டியைத் திருப்பினான். அண்ணி, “அப்பாடா, இவருக்கும் வழி சொல்ல ஒரு ஆள் கிடைச்சாச்சு” என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள்.

அருவியில் எல்லாரும் குளித்தார்கள். அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்துபோனார். வீடே இழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. தங்கை வந்து காதைக் கடித்தாள்: “உனக்கு எதுக்குடி இந்த வேலை? அவர் சொன்ன வழியிலயே போய் முட்டிட்டுத் திரும்பியிருந்தா என்ன குடி முழுகிடும்?”

கணவரும் அதையேதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே சொன்னார்.

“நாலு வாரத்துக்கு வந்த மனுஷன். நமக்காக என்னென்ன பண்ணியிருக்காரு. இனிமே அவர் எது சொன்னாலும் சரின்னு சொல்லிடு. அவர் மனசு நோக வெச்சு அனுப்ப வேண்டாம்.”

அவள் போய் மன்னிப்புக் கேட்டாள். இல்லாத பாதையை இல்லை என்று சொன்னதற்காக. அண்ணன் அவள் தலையில் கை வைத்து, “நீ குழந்தைம்மா, உனக்கென்ன தெரியும்” என்றார். இரவு நன்றாகச் சாப்பிட்டார். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐம்பது வயதுக் குழந்தை சமையலறையில் பாத்திரம் தேய்த்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அறிவித்தார்: “நாளைக்கு நான் பேசறேன்.”

பரிமாறிக்கொண்டிருந்தவள் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி லேசாகத் தலையசைத்தார். சரி என்று சொல்லிவிடு என்று அர்த்தம்.

“சரிண்ணா” என்றாள்.

நர்ஸம்மா விஷயம் தெரிந்ததும் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். “ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? இந்தச் சாலையில அவர் எத்தனை நாள் நடந்திருக்காரு?” அவள் தைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: “எங்க அண்ணன் இருக்கும்போது நான் எழுந்து பேசினா நல்லா இருக்காதும்மா. அவரும் நாங்க கேக்கறதத்தானே கேக்கப்போறாரு.” நர்ஸம்மா நின்று பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டுக்கொண்டு வெப்பத்தைக் கலக்கிக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கவுன்சிலர், நகராட்சிப் பொறியாளர், தூங்கிவழிந்த இன்னும் சிலர். மண்டபத்துக்கு ஏறப் படிகள் இருந்ததால் அவள் கணவர் கீழே மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அதைக்கூட அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கட்டையான குரல். வெளுத்து வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி வந்து நின்றதைச் சொன்னபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் உயிரைப் பற்றிச் சொன்னபோது அவர் குரலே உடைந்தது. கவுன்சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அண்ணன் கையை உயர்த்திக் காற்றில் ஒரு வளைவு வரைந்தார்.

“நான் இருக்கற நாட்டுல மனுஷன் நடக்கற இடத்துல வண்டி வராது, வண்டி போற இடத்துல மனுஷன் நடக்க மாட்டான். விளக்கு வெச்சா எவன் சார் நிப்பான்? இங்க தேவை நடைமேம்பாலம். சாலைக்கு மேல, இரும்புல, ஜம்முனு ஒரு பாலம். கீழ யாரும் குறுக்க ஓடாம நடுவுல உயரமா வேலி. இதத்தான் எங்க தெரு கேக்குது!”

கைத்தட்டல் எழுந்தது. வேறு தெருக்காரர்கள் விசில்கூட அடித்தார்கள். அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “அண்ணா, அவரால படி ஏற முடியாதுண்ணா.” அவர் குனிந்து, “லிஃப்ட் வெப்பாங்கம்மா, நான் கேக்கறேன் பாரு” என்று கிசுகிசுத்துவிட்டு, லிஃப்டும் வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். பொறியாளர் முதல் தடவையாகச் சிரித்தார். “பாலம் வரட்டும் சார். லிஃப்ட் அடுத்த கட்டத்துல பாக்கலாம்.”

கவுன்சிலருக்கு அவளைத் தெரியும். வாரம் தவறாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த முகம் மறக்குமா? மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் பார்த்தார்.

“நீங்கதானேம்மா விளக்கு வேணும்னு வந்துட்டிருந்தீங்க? பாலம்னா விளக்கு கிடையாது, ரெண்டுல ஒண்ணுதான். உங்களுக்குச் சம்மதமா? இல்ல, வேற ஏதாவது சொல்றீங்களா?”

நர்ஸம்மா பின்னாலிருந்து அவள் முதுகில் விரலால் குத்தினாள். அவள் எழுந்தாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. அண்ணனைப் பார்த்தாள். கைத்தட்டலில் அவர் முகம் சிவந்து, கண் கலங்கி, அப்பா போன பிறகு அவள் என்றுமே பார்த்திராத ஒரு பெருமையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் அந்த முகம் தொங்கிப்போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அருவிப் பாறையில் அவர் உட்கார்ந்திருந்த விதம் கண்முன் வந்தது.

“அண்ணன் சொன்னதுதான்” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸம்மா எழுந்து வெளியே போனாள்.

வெளியே மரத்தடியில் கணவர் கேட்டார்: “என்னாச்சு?” அண்ணன் முந்திக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். “பாலமே வருது மாப்பிள்ளை! லிஃப்டோட!” கணவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், “ரொம்ப சந்தோஷம் மச்சான்” என்றார். அண்ணன் மகள் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் அண்ணன் குடும்பம் விமானம் ஏறியது. விமான நிலையத்தில் அவர் அவளைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார்.

இவ்வளவு நாள் ஒரு விளக்குக்கு வழியில்லாத அலுவலகம் பாலத்துக்கு மட்டும் பறந்தது. விளக்கில் யாருக்கு என்ன கிடைக்கும்? இரும்பில் கிடைக்கும். மழை முடிவதற்குள் தூண்கள் நின்றன. அதற்கும் முன்பே வந்தது வேலிதான். சாலை நடுவில் ஆளுயரத்துக்கு, இரண்டு திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். வேலி வந்த அன்று அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாள். இருவரும் சற்று நேரம் நின்றார்கள். எதிரில் தகரக் கூரை தெரிந்தது. தபால்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார். இவரும் அசைத்தார். திரும்பி வந்துவிட்டார்கள்.

பிறகு பாலம் திறந்தார்கள், மாலை போட்டு, மைக் வைத்து. இளைஞர்கள் மேலே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். லிஃப்டுக்கு என்று ஒரு கூண்டு கட்டி, கதவைப் பூட்டி, உள்ளே சிமெண்ட் மூட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போகலாம். தினமும் போனால் சம்பாதிப்பது அதற்கே சரியாகிவிடும். சில நாள் போனார், அப்புறம் நிறுத்திவிட்டார். மெஷினையும் அரத்தையும் ஒரு நாள் தபால்காரர் தலையில் சுமந்து, பாலமேறி, வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இப்போது தையல் மெஷினுக்கு எதிரில் ஒரு மேசையில் அவை இருக்கின்றன. யாரும் வருவதில்லை. அவர் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவள் மீது ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நர்ஸம்மா மட்டும் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

அடுத்த கோடை தொடங்கியபோது ஒரு பகல் நேரத்தில் அண்ணன் போனில் கூப்பிட்டார், முகம் தெரிகிற மாதிரி. அவள் தைப்பதை நிறுத்திவிட்டுப் போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தாள். எதிர் மேசையில் கணவர், வேலை எதுவும் இல்லாமல், ஒரு பழைய சாவியைச் சும்மா ராவிக்கொண்டிருந்தார்.

“பாலத்து போட்டோவ உன் தங்கச்சி அனுப்பினா. என் டேபிள்ல பிரேம் போட்டு வெச்சிருக்கேன். எல்லாருக்கும் காட்றேன். எப்படிம்மா இருக்கு, ஏறிப் பாத்தியா?”

“நல்லா இருக்குண்ணா. அங்கிருந்து பாத்தா ஊரே தெரியுது.”

“லிஃப்ட் போட்டாச்சா?”

“போட்டாச்சுண்ணா.”

“எனக்குத் தெரியும், போடுவான்னு! அப்ப மாப்பிள்ளைக்கு இப்ப எந்தத் தொந்தரவும் இல்ல. எங்க அவரு?”

“கடைக்குப் போயிருக்காருண்ணா.”

அரத்தின் சத்தம் நின்றது. கணவர் அவளைப் பார்த்தார். பிறகு சாவியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, கோலை எடுத்து, போனில் தன் உருவம் தெரிந்துவிடாதபடி சுவரோரமாக மெதுவாக நகர்ந்து, காலை இழுக்கிற ஓசை கேட்காமல் இருக்கக் கையால் அதைத் தூக்கித் தூக்கி வைத்தபடி, உள்ளறைக்குப் போனார்.